நாற்காலி, எட்டி உதை, ஏழை

உங்கள் கைப்பேசிக்கு வங்கி அனுப்பும் ரகசிய எண்ணைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, தெருவுக்கே கேட்கும்படி கத்துவீர்களா? 'யாரிடமும் பகிர வேண்டாம்' என்று அந்த எண்ணுக்குக் கீழேயே எழுதியிருக்கும். நீங்கள் கத்த மாட்டீர்கள். கத்த வேண்டிய தேவை உங்களுக்கு வந்ததில்லை. அப்படிக் கத்துவதையே வேலையாகச் செய்யும் ஒரு பெண்ணைப் பற்றித்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.

ஊரில் அவரை மைக்செட் அக்கா என்பார்கள். காய்கறிச் சந்தையில் ஏலம் கூவியவர். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் ஏறி நின்று விலை சொன்னால், லாரி ஓட்டுநர்கள் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். அடித்து என்ன பயன்? அவர் கணவர் கொத்தனார், பேச்சில் கொஞ்சம் குறும்பு உள்ளவர். "பொண்ணு பார்க்கப் போனப்ப உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டுச்சு. அவங்க வீட்டுல யாரோ சண்டை போடறாங்கன்னு நெனச்சேன். இவ தண்ணி வேணுமான்னு கேட்டிருக்கா" என்பார்.

பிறகு ஏலம் கைப்பேசிக்குப் போனது. பெருநகரத்தில் யாரோ விரலால் தொட்டு விலை வைக்க, லாரிகள் நேரே தோட்டத்துக்குப் போயின. சந்தைக் கொட்டகையில் இப்போது நாய்கள் படுத்திருக்கின்றன. தொலைத்தொடர்பு வளர்ந்தால் பொருளாதாரம் வளரும் என்று அன்று பேசினார்கள். வளர்ந்தது. யாருடையது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். தொண்டையால் பிழைத்த அக்கா, மற்ற பெண்களோடு சேர்ந்து சாலை வேலைக்குக் கூடை சுமக்கப் போனார்.

அந்த ஊர் ஒரு கிண்ணம் போல இருக்கிறது. சுற்றிலும் பாறைக்குன்று, நடுவில் வீடுகள், ஒரு செங்கல் சூளை, ஒரு பள்ளிக்கூடம், சாலை வேலைக்கும் சூளை வேலைக்கும் கூலி தரும் அலுவலகம். அலுவலகத்துக்குக் கம்பங்களில் கம்பி வந்துவிட்டது. உள்ளே கணினி ஓடும், மின்விசிறி ஓடும். கைப்பேசிக்குத்தான் சிக்னல் வராது. கைப்பேசிக் கோபுரம் குன்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஊர் முழுக்கச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், சரிவின் உச்சியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் மேல்.

கூலி முதலில் கையில் கொடுக்கப்பட்டது. பிறகு விரல் ரேகை என்றார்கள். செங்கல்லும் சிமெண்டும் தூக்கித் தேய்ந்த விரலில் எங்கே ரேகை இருக்கும்? இயந்திரம் ஒவ்வொருவராகத் துப்பியது. அதற்குப் பிறகு வந்ததுதான் ரகசிய எண். கவுண்ட்டரில் உங்கள் பெயரைத் தட்டினால் உங்கள் கைப்பேசிக்கு ஆறு எண்கள் வரும். அவற்றைச் சொன்னால் பணம். கொஞ்ச நேரத்தில் சொல்லாவிட்டால் எண் செத்துவிடும். கவுண்ட்டர்காரருக்கு அந்த ஊரில் எல்லோரையும் தெரியும். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது வரை தெரியும். கணினிக்குத் தெரியாதே. கண்ணெதிரே நிற்கும் ஆளை அவர்தான் என்று நம்ப, குன்றுக்கு அப்பாலிருந்து சாட்சி வர வேண்டும். இதை யோசித்துச் செய்தவருக்குச் சம்பளம் வேறு தருகிறார்கள்.

முதலில் ஆட்கள் கைப்பேசியோடு தொட்டிக்கு ஏறி, எண்ணைப் படித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்து சேர்வதற்குள் எண் செத்துவிடும். திரும்பவும் ஏறுவார்கள். ஒருநாள் சூளையில் வேலை செய்யும் கிழவர் ஒருவர் ஓடி வரும்போது இடறி விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். விழுந்தவர் வலியை மறந்து எண்ணைத்தான் முனகினாராம். அதுவும் காலாவதியாகியிருந்தது.

அப்போதுதான் அக்கா கிழவரின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு தொட்டி மேல் ஏறினார். "திரும்ப அமுக்குய்யா" என்று அங்கிருந்தே ஒரு சத்தம். கவுண்ட்டர்காரர் அமுக்கினார். எண் வந்தது. அக்கா கூவினார். பழைய சந்தைக் குரல் சரிவில் உருண்டு வந்து ஜன்னல் வழியாக நுழைந்தது. பணம் வந்துவிட்டது. ஊரே கைதட்டியது.

அடுத்த கூலி நாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பெயர் எழுதி ஒட்டிய கைப்பேசிகள் ஒரு கித்தான் பையில் சேரும். அக்கா பையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறுவார். கவுண்ட்டர்காரர் ஆளின் பெயரைத் தட்டிவிட்டு ஜன்னலில் சிவப்புத் துண்டை ஆட்டுவார். மேலே கைப்பேசி நடுங்கும். அக்கா கூவுவார்.

"ரகசிய எண்ணாம்" என்பார் நாத்தனார். கொத்தனாரின் தங்கை, நாக்கில் கத்தி வைத்திருப்பவர். "நம்ம ஊரு காக்காவுக்குக்கூட என் நம்பர் தெரியும். அது பணம் எடுக்கப் போனா கவுண்ட்டர்ல குடுத்துருவாங்க."

ஒரு சிக்கல் வந்தது. காற்றடிக்கும் நாளில் மெய்யெழுத்துகள் பறந்துவிடும், உயிரெழுத்துதான் கீழே வந்து சேரும். நாலும் ஆறும் ஒன்றுபோல் கேட்கும். ஏழும் எட்டும் ஒன்றையொன்று விழுங்கிக்கொள்ளும். சில தடவை தப்பாகத் தட்டினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். திறக்க நகரத்துக்குப் போக வேண்டும். முதலில் பூட்டிக்கொண்டது நாத்தனாரின் கணக்குதான்.

"நாலுன்னு கத்துனீங்களா, ஆறுன்னு கத்துனீங்களா அண்ணி?"

"நாலு."

"எனக்கு ஆறுன்னு கேட்டுச்சே."

"உனக்குக் கேட்டு என்ன செய்ய? கவுண்ட்டர்ல கேக்கணும்."

"அவருக்கும் ஆறுன்னுதான் கேட்டுச்சாம். ஊரே ஆறுன்னு சொல்லுது, நீங்க மட்டும் நாலுங்கறீங்க. வேற ஏதாச்சும் சொல்லித் தொலைங்களேன், காத்துல கரையாத மாதிரி."

அன்று அடுப்படியில் உட்கார்ந்து இருவரும் வார்த்தை தேடினார்கள். நாலுக்கு நாற்காலி. ஆறுக்கு ஆற்றங்கரை. ஏழுக்கு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை, ஏழை. எட்டு மட்டும் சிக்கவில்லை.

"எட்டி உதை" என்றார் நாத்தனார்.

"அது என்ன வார்த்தை?"

"எங்க அண்ணனுக்கு நீங்க தினமும் குடுக்கறதுதானே."

கொத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "வாங்கறவனுக்குத்தான் தெரியும். நல்லாவே கேக்கும், அதையே வைங்க" என்றார்.

அதன்பிறகு தப்பே வரவில்லை. தொட்டியிலிருந்து "ரெண்டு, ஆற்றங்கரை, ஏழை, ஒண்ணு, எட்டி உதை, சைபர்" என்று வரும், கவுண்ட்டரில் பணம் விழும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாட்டையே அப்படிச் சொல்லி அடி வாங்கினார்கள்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். ரகசிய எண் வழியாக எல்லாக் கூலியும் தவறாமல் பட்டுவாடா ஆகிறது, ஒன்றுகூடத் தோற்கவில்லை என்று தலைநகரத்துக் கணினி கண்டுபிடித்தது. அலுவலகத்துக்குக் கேடயம் வந்தது. 'முழு மின்னணு ஊர்' என்று பித்தளையில் பொறித்து ஜன்னலுக்கு மேலே மாட்டினார்கள். அதன் கீழேதான் சிவப்புத் துண்டு தொங்கும்.

கோபுரம் கேட்டு ஊரார் மனுக் கொடுத்தபோது, அந்தக் கேடயமே முகத்தில் அறைந்தது. பதிலில் இரண்டு காரணம் எழுதியிருந்தார்கள். முதலாவது, உங்கள் ஊரில் மின்னணுப் பரிவர்த்தனை முழு வெற்றி. சிக்னல் இல்லாமல் அது எப்படி நடக்கும்? இரண்டாவது, வரைபடத்தில் உங்கள் ஊர் கோபுரத்தின் வட்டத்துக்குள் இருக்கிறது. கோபுரத்தைப் புள்ளியாக வைத்துக் கவராயத்தால் இழுத்த வட்டம் அது. கவராயத்துக்குக் குன்று தெரியாது. அதைப் பிடித்திருந்த கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிறுவனத்திடம் புகார் செய்யச் சொன்னார் கவுண்ட்டர்காரர். புகாரைக் கைப்பேசியில்தான் பதிய முடியும். கீழே சிக்னல் இல்லை. ஆகவே ஆட்கள் தொட்டிமேல் ஏறிச் சிக்னல் இல்லை என்று புகார் செய்தார்கள். நிறுவனத்தின் கணினி, புகார் எந்த இடத்திலிருந்து வந்தது என்று பார்த்தது. பதில் உடனே வந்தது. 'தாங்கள் இருக்கும் இடத்தில் சிக்னல் மிக வலுவாக உள்ளது. புகார் முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' ஊரார் விடவில்லை. மாற்றி மாற்றி ஏறிப் புகார் செய்தார்கள். புகார் கூடக் கூட, அந்த ஊரில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆதாரமும் கூடிக்கொண்டே போனது. தொட்டியில் நின்று செய்த புகாரே தங்களுக்கு எதிர்சாட்சி சொல்கிறது என்று அவர்களுக்குப் புரிய ஒரு மழைக்காலம் ஆயிற்று.

நம்ம தலையெழுத்து என்றார்கள் சிலர். எந்த எழுத்து? வட்டத்தை இழுத்தவருக்குப் பெயர் இருக்கிறது. மனுவைத் தள்ளியவரின் கையெழுத்து மனுவிலேயே இருக்கிறது. மேலே யாரோ எழுதினார் என்று நாம் அண்ணாந்து பார்க்கும்வரை, கீழே எழுதுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

இதற்குள் அக்காவின் தொண்டை கரகரத்தது. கூவி முடித்துத் துப்பினால் எச்சிலில் சிவப்பு. நகரத்தில் தொண்டைக்குப் பார்க்கும் டாக்டரம்மா கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்கு. இனிமே கத்தக் கூடாது. கத்தினா குரல் போயிடும், திரும்ப வராது" என்றார்.

"மெதுவாக் கத்தலாமா டாக்டரம்மா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாற்று ஆள் தேடாமல் இல்லை. கொத்தனார் ஏறிக் கூவிப் பார்த்தார். "எருமை கத்துது, யாராச்சும் ஓட்டுங்க" என்றார் தங்கை. வேறு சிலர் கூவி, சில கணக்குகள் பூட்டிக்கொண்டன. காற்றைக் கிழித்துக்கொண்டு ஜன்னலைத் தொடும் குரல் அந்த ஊரில் ஒன்றுதான். கோபுரம் வர வேண்டும். அல்லது ஊரின் கூலி நிற்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அந்தக் குரல் போகும்.

அந்த நேரத்தில் கவுண்ட்டர்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். தொலைத்தொடர்பு விரிவாக்கத் திட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. புதிய கோபுரங்களுக்கு இடம் பார்க்க அதிகாரி ஒருவர் வருகிறார், கூலி நாளன்றே வருகிறார். நாத்தனார் வீடு வீடாகப் போனார். அன்றைக்கு அண்ணி தொட்டியில் ஏற மாட்டார், யாரும் பணம் எடுக்கக் கூடாது, கவுண்ட்டர் வாயை மூடிக் கிடக்கட்டும், அந்த மனுஷன் தன் கண்ணால் பார்க்கட்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு கூலி தள்ளிப்போவது அந்த வீடுகளில் என்ன என்பது உங்களுக்குத் தெரியாவிட்டாலும், தலையாட்டியவர்களுக்குத் தெரியும்.

காலையிலிருந்து அலுவலக வாசலில் மரநிழலில் ஊர் காத்திருந்தது. அதிகாரி வரவில்லை. வெயில் ஏறியது. கூட்டத்தின் ஓரத்தில் சூளையில் கல் அறுக்கும் பெண் ஒருத்தி, மடியில் குழந்தையைக் கிடத்தி, ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குக் கண் செருகியிருந்தது. மதியப் பேருந்தைப் பிடித்தால் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கையில் காசில்லை. சுற்றியிருந்தவர்களிடமும் இல்லை. எல்லோருடைய காசும் அந்த ஜன்னலுக்குள் இருந்தது. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

"அந்தப் பக்கம் பாக்காதீங்க அண்ணி. பாத்தா ஏறிடுவீங்க."

"ஏற மாட்டேன்."

"பாத்துட்டீங்க."

அக்கா அந்தப் பெண்ணின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்.

சரியாக அப்போதுதான் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கித் தன் கைப்பேசியைப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தார். "இது ரெண்டு நாளாவே சரியில்ல" என்று ஓட்டுநரிடம் கொடுத்து, "அந்த மேட்டுல போய்ப் பாரு" என்றார். கையில் இருந்ததை நம்பவில்லை, பையில் இருந்த வரைபடத்தை நம்பினார். கண்ணால் காண்பதைவிட அச்சிட்ட தாளைப் பெரிதாக நினைப்பதும் மூடநம்பிக்கைதான். படித்தவர்கள் அதைச் செய்வதால் நாம் அந்தப் பெயர் சொல்வதில்லை.

அவருக்காக உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டார்கள். அவர் அதில் உட்காரக் குனிந்தார். ஜன்னலில் சிவப்புத் துண்டு ஆடியது. மேலேயிருந்து குரல் இறங்கியது.

"நாற்காலி... எட்டி உதை... நாற்காலி... எட்டி உதை... ஏழை... ஏழை..."

உட்காரப் போனவர் துள்ளி நின்றார். சிவப்புத் துணி, சுற்றிலும் மௌனமாக எழுந்து நிற்கும் கூட்டம், உச்சியில் கை வீசிக் கத்தும் ஒரு பெண். "யாரை உதைக்கச் சொல்றா?" என்று நாற்காலியைத் தனக்கு முன்னால் கேடயம் போலப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் மேட்டிலிருந்து பாதி வழி ஓடி வந்து, எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல் நின்றார்.

"ஐயா, அது நாலு, எட்டு, நாலு, எட்டு, ஏழு, ஏழு" என்று ஜன்னலில் தலை நீட்டினார் கவுண்ட்டர்காரர். பணத்தை எண்ணி நீட்டினார். சூளைப் பெண் அதைப் பிடுங்கிக்கொண்டு குழந்தையோடு பேருந்துக்கு ஓடினாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்று அந்த ஊரில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

விவரம் கேட்ட அதிகாரி சிரித்தார். கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கைப்பேசியைத் திரும்ப வாங்கி, அக்காவை இன்னொரு முறை கூவச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"சிக்னல் வருது. நம்பர் வருது. பணமும் வருது, நானே பாத்தேன். அப்புறம் குறை என்ன? காதுல சரியா விழல. அவ்வளவுதானே?"

"ஐயா, அவளுக்குத் தொண்டை போயிட்டிருக்கு" என்றார் கொத்தனார்.

"அதுக்குத்தான் ஏற்பாடு பண்றேன்."

செய்தார். சில வாரங்களில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒலிபெருக்கி ஒன்று, கையில் பிடிக்கும் மைக் ஒன்று. 'தொலைத்தொடர்பு விரிவாக்கத் திட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது' என்று தகடு அடித்திருந்தது. "மைக்செட்டுக்கே மைக்செட் குடுத்துட்டாங்க" என்றார் நாத்தனார். அன்று அவர்கூடச் சிரிக்கவில்லை.

தொட்டியில் வைத்துப் பேசிப் பார்த்தார்கள். ஊர் கிண்ணமாயிற்றே. இந்தக் குன்றில் பட்ட 'ஏழை' அந்தக் குன்றில் பட்டு இன்னொரு 'ஏழை'யாகத் திரும்பியது. ஆறு எண் பன்னிரண்டாகக் கேட்டது. மதியத்துக்குள் பல கணக்குகள் பூட்டிக்கொண்டன. கவுண்ட்டர்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா, உங்க சொந்தத் தொண்டையே போதும்" என்றார்.

ஒலிபெருக்கி சந்தைக் கொட்டகையில் நாய்களோடு கிடக்கிறது. அந்த ஊர் 'வசதி செய்து தரப்பட்ட ஊர்' ஆகிவிட்டது, ஆகவே கோபுரத்துக்கு இனி விண்ணப்பிக்க முடியாது. அதிகாரி எடுத்த படத்தைத் தலைநகரத்தில், தொலைத்தொடர்பும் பொருளாதார முன்னேற்றமும் பற்றிய மாநாட்டில் பெரிய திரையில் போட்டார்களாம். சாமானிய மக்களின் புதுமையறிவு என்று தலைப்பு. குளிரூட்டிய மண்டபம் எழுந்து நின்று கைதட்டியதாம். ஒரு பெண் தன் தொண்டையைக் கிழித்துக்கொள்வதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். அந்த மண்டபத்தில் ஒருவருக்குக்கூட, அவள் ஏன் கத்த வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. சோறு எப்படி இறங்கியது?

இப்போது அக்கா வாரம் முழுவதும் வாய் திறப்பதில்லை. கூலி நாளுக்காகக் குரலைச் சேமிக்கிறார். வீட்டில் எல்லாம் சைகைதான். தண்ணீர் வேண்டுமா என்று டம்ளரைத் தட்டிக் கேட்கிறார். "இந்த வீட்டுல இத்தனை அமைதி வேணும்னு ஒரு காலத்துல நான் ஆசைப்பட்டிருக்கேன்" என்று கொத்தனார் சொன்னார். அதைக் குறும்பாகத்தான் சொல்ல நினைத்தார், குறும்பாக வரவில்லை. கூலி நாளில் அக்கா ஏணியில் ஏறுகிறார். முதல் சில பேருக்குக் குரல் வருகிறது. பிறகு தாள் கிழிவது போல ஒரு சத்தம். அந்த நேரம் கீழே ஊர் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். கவுண்ட்டர்காரர் மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார்.

அவர்களால் புகார் கொடுக்க முடியாது. கொடுக்கும் இடமே அவர்களைப் பொய்யர்களாக்குகிறது. உங்களால் முடியும். கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். கோபுரத்தின் வட்டத்துக்குள் இருந்தும் சிக்னல் எட்டாத ஊர்கள் எவை, எந்த அதிகாரி நேரில் போய், தொட்டியில் அல்லாமல் கவுண்ட்டர் வாசலில் நின்று சோதித்தார் என்று கேட்டுத் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதுங்கள். எழுதியதை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போங்கள். அடுத்த கூலி நாளுக்குள் போங்கள், அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் குரல் மிச்சமிருக்கிறது.